வலிப்பு உள்ள மாணவரும் திரையும்: ஆசிரியர் அறிய வேண்டியவை

"இவனுக்கு ஃபிட்ஸ் வரும் டீச்சர், கம்ப்யூட்டர் முன்னால உட்கார வைக்காதீங்க." ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது இப்படிச் சொல்லும் பெற்றோரை நம்மில் பலர் சந்தித்திருப்போம். ஹைடெக் லேபில் இணையவழி வினாடி வினா நடக்கும் நாளில் அந்த மாணவர் வகுப்பறையிலேயே தங்கிவிடுவார். ஸ்மார்ட் போர்டில் பாடம் ஓடும்போது கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அதே மாணவர் வீட்டுக்குப் போனதும் இரவு பதினொரு மணிவரை கைபேசியில் விளையாடிக்கொண்டிருப்பார். பள்ளியில் நாற்பது நிமிடம் திரை பார்ப்பதற்கு இருக்கும் அச்சம், இரவில் இரண்டு மணி நேரம் பார்ப்பதற்கு இருப்பதில்லை.

வலிப்பு உள்ள குழந்தை திரை பார்க்கலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்தக் குழந்தை, எந்தக் காட்சி, எந்த நேரம் என்ற மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முடிவு மருத்துவருடையது. ஆனால் அந்த முடிவைத் தெரிந்துகொண்டு வகுப்பறையில் சரியாக நடைமுறைப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

வலிப்பு என்பது என்ன?

மூளையின் நரம்புச் செல்கள் சிறு மின் துடிப்புகள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றித் துடிக்கும்போது வலிப்பு ஏற்படுகிறது. பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத்திணறல், தலைக்காயம், மூளைக் காய்ச்சல், மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்பருவம், மரபணுக் காரணங்கள் எனப் பல காரணங்கள் உண்டு. இது தொற்று நோய் அல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பு வராமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதாவது, நம் வகுப்பில் உள்ள வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே படிக்கவும் விளையாடவும் கணினி இயக்கவும் கூடியவர்கள்.

திரை நேரடியாகத் தூண்டுவது யாருக்கு?

விட்டு விட்டு மின்னும் ஒளியாலோ, கறுப்பு வெள்ளைக் கோடுகள் போன்ற அழுத்தமான வடிவங்களாலோ சிலருக்கு வலிப்பு தூண்டப்படுகிறது. இதை ஒளி உணர்திறன் வலிப்பு என்பர். வலிப்பு நோயுள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்கு இந்த வகை உண்டு. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்படியிருந்தும், வலிப்பு உள்ள குழந்தைகளில் பெரும்பான்மையினருக்குத் திரையின் ஒளி வலிப்பைத் தூண்டுவதில்லை.

ஒளி எவ்வளவு வேகத்தில் மின்னுகிறது என்பது முக்கியம். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி இவர்களுக்கு ஆபத்தானது. அதிலும் 15 முதல் 25 வரையிலான வேகம் மிக மோசமானது. அடர் சிவப்பு நிறம் மின்னினால் பாதிப்பு இன்னும் கூடும். இணையப் பக்கங்களை வடிவமைப்போருக்கான சர்வதேச வழிகாட்டுதல், எந்தக் காட்சியும் நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இதை உலகம் முழுவதும் உணரவைத்த நிகழ்வு ஜப்பானில் நடந்தது. 1997 டிசம்பர் 16 மாலை, போகிமான் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. சில நொடிகள்தான் நீடித்த அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பலருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை. அத்தொடர் சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. மின்னும் காட்சிகளுக்கான ஒளிபரப்பு விதிகள் அடுத்த ஆண்டே அங்கு உருவாயின. வெளிச்சமான அறையில், தொலைக்காட்சியிலிருந்து தள்ளி அமர்ந்து பார்க்குமாறு ஜப்பானியக் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் இன்றும் அறிவிப்பு வருகிறது.

அந்த அறிவிப்புக்குப் பின்னால் எளிய அறிவியல் இருக்கிறது. இருட்டறையில் திரையின் ஒளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிறது. அருகில் உட்கார்ந்தால் மின்னும் பகுதி நம் பார்வைப் பரப்பு முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. விளக்கைப் போட்டு, தள்ளி உட்கார்ந்தால் இரண்டுமே குறைகின்றன.

"டி.வி. பார்த்தால் ஃபிட்ஸ் வரும்" என்ற பழைய எச்சரிக்கைக்கும் ஓர் அடிப்படை உண்டு. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படம் நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்பட்டது. அந்த மினுமினுப்பே சிலருக்கு வலிப்பைத் தூண்டியது. இன்றைய தட்டைத் திரைகளில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனால் காட்டப்படும் காட்சியே மின்னினால், திரை எவ்வளவு புதியதாக இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

ஒரு குழந்தைக்கு இந்த உணர்திறன் இருக்கிறதா என்பதை ஈ.ஈ.ஜி. பரிசோதனையில் கண்டறியலாம். தலையில் சிறு மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை அது. அப்போது கண்ணுக்கு முன்னால் ஒரு விளக்கைப் பல வேகங்களில் மின்னச் செய்து, அலைகள் மாறுகின்றனவா என்று பார்க்கிறார்கள். வலிப்புக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் பலருக்கு இந்தப் பரிசோதனை ஏற்கெனவே நடந்திருக்கும். அதன் முடிவு வீட்டில் ஏதோ ஒரு பையில் கிடக்கும். பள்ளிக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

திரை மறைமுகமாகச் செய்வது

ஒளி உணர்திறன் இல்லாத பெரும்பான்மைக் குழந்தைகளுக்குத் திரையால் கேடே இல்லையா என்றால், இருக்கிறது. அது ஒளியால் வருவதில்லை, தூக்கக் கேட்டால் வருகிறது. வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முதன்மையானவை இரண்டு: மாத்திரையைத் தவறவிடுவது, போதிய தூக்கமின்மை. இரவில் நீளும் கைபேசிப் பழக்கம் இரண்டுக்கும் வழி செய்கிறது. 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. இரவு பதினொன்றரைக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஆறரை மணி நேரம்தான் கிடைக்கிறது.

என் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவள். கணினி முன் உட்கார வேண்டாம் என்று பெற்றோர் முன்பே சொல்லியிருந்ததால் லேபுக்கும் அவள் வருவதில்லை. அம்மாவை வரவழைத்து, "டாக்டர் கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாதுன்னு சொன்னாராம்மா?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணும் சொல்லலைங்க டீச்சர். நாங்களாத்தான் பயந்துக்கிட்டு..." என்றார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இதை மட்டும் கேட்டு வரச் சொன்னேன். ஈ.ஈ.ஜி.யில் ஒளியால் எந்த மாற்றமும் இல்லை, பள்ளியில் கணினி பயன்படுத்தலாம், தூக்கமும் மாத்திரையும்தான் முக்கியம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

பிறகு வீட்டு நிலவரத்தைக் கேட்டேன். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது அப்பாவுடன் காலையில் வேலைக்குப் போய், இரவு ஒன்பது மணிக்கு அவருடன் திரும்பி வருகிறது. அவர் வரும்வரை அவள் சாப்பிடாமல் காத்திருப்பாள். கைபேசி கையில் கிடைத்ததும் சாப்பாடு தள்ளிப்போகும். சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டிய மாத்திரையும் தள்ளிப்போகும். சில நாள் மாத்திரையே மறந்துபோகும். நம் மாணவர்களில் எத்தனையோ வீடுகளின் நிலை இதுதான். கைபேசி இரவில்தான் வீட்டுக்கு வருகிறது என்பதால் குழந்தையின் திரை நேரம் முழுவதும் தூக்க நேரத்தில் விழுகிறது. "ஒரு மணி நேரம்தானே பார்க்கிறாள்" என்று பெற்றோர் நினைப்பார்கள். அது எந்த ஒரு மணி நேரம் என்பதுதான் கேள்வி.

அந்தப் பெற்றோர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எட்டு மணிக்குச் சாப்பாடு, உடனே மாத்திரை, ஒன்பதரைக்குப் படுக்கை. கைபேசி ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும். ஞாயிறு பகலில் கிடைக்கும் என்ற உறுதி இருந்ததால் அவளும் பெரிதாக அடம்பிடிக்கவில்லை. வலிப்பின் போக்கைக் கணிப்பது மருத்துவரின் வேலை. என் கண்ணுக்குத் தெரிந்தது, முதல் பாடவேளைத் தூக்கம் சில வாரங்களில் நின்றதும், அவள் லேபில் மற்றவர்களோடு உட்கார்ந்து வினாடி வினா எழுதியதும்தான்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வலிப்பு என்றதும் கீழே விழுந்து கைகால் வெட்டுவது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. வகுப்பறையில் எளிதில் தப்பிவிடும் இரு வகைகளை ஆசிரியர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலாவது, சில நொடிகள் நினைவு அறுபடும் வலிப்பு. தொடக்கப் பள்ளி வயதில், பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். குழந்தை பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போது திடீரென நின்று, வெறித்துப் பார்க்கும். இமை லேசாகத் துடிக்கலாம். சுமார் பத்து, இருபது நொடிகளில் எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே நாளில் இப்படிப் பல முறை நிகழலாம். "ராத்திரி முழுக்க செல்போன் பார்த்திருப்பான், அதான் இப்படி முழிக்கிறான்" என்று சொல்லிவிடுவது எளிது. வேறுபாட்டைக் கண்டறிய ஒரு வழி உண்டு. பகற்கனவு காணும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துத் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். இந்த வலிப்பில் இருக்கும் குழந்தை அந்த நொடிகளில் திரும்பாது. இப்படி இரண்டு மூன்று முறை கண்டால் தேதி, நேரத்துடன் குறித்துவைத்துப் பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பேருதவியாக இருக்கும்.

இரண்டாவது, வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒரு வகை. காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் திடுக்கென்று துள்ளும். கையிலிருக்கும் பல் துலக்கும் பிரஷ், தேநீர் டம்ளர் தவறி விழும். வீட்டில் "கை நழுவுது, கவனமே இல்லை" என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். தூக்கமின்மையால் இது நன்றாகத் தூண்டப்படும். இவர்களில் கணிசமானோருக்கு ஒளி உணர்திறனும் உண்டு. அதனால் இரவில் நெடுநேரம் விழித்திருந்து கைபேசியில் விளையாடுவது இவர்களுக்கு இரட்டைக் கேடு. தேர்வுக்காக விடிய விடியப் படிப்பதும் இவர்களுக்கு ஆகாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சில வலிப்பு மருந்துகள் தூக்கக் கலக்கத்தைத் தரும். ஆகவே வகுப்பில் தூங்கும் எல்லாக் குழந்தையும் கைபேசியால் தூங்குவதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பெற்றோரிடம் கேட்க வேண்டியவை

பெற்றோர் பலர் குழந்தையின் வலிப்பு நோயைப் பள்ளியில் சொல்வதே இல்லை. பெண் குழந்தை என்றால் பிற்காலத் திருமணத்தை நினைத்து இன்னும் மறைக்கிறார்கள். ஆகவே பிறர் இல்லாத இடத்தில் தனியாகப் பேச வேண்டும். கேட்டதை ஆசிரியர் அறையில் பேசுபொருளாக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் சில:

1. வலிப்பு எப்படி வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும், கடைசியாக எப்போது வந்தது?
2. ஒளியால் வலிப்பு தூண்டப்படும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?
3. மாத்திரை எந்த வேளைகளில்? பள்ளி நேரத்தில் போட வேண்டியது உண்டா?
4. இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறது? கைபேசி எந்த நேரத்தில் கையில் இருக்கிறது?

இரண்டாம் கேள்விக்குப் பெற்றோருக்குப் பதில் தெரியாவிட்டால், அடுத்த மருத்துவமனை வருகையின்போது கேட்டு வரச் சொல்லலாம். அதுவரை ஹைடெக் லேபுக்கு அழைத்துச் செல்வது பற்றிப் பெற்றோருடனும் தலைமை ஆசிரியருடனும் கலந்து முடிவு செய்யலாம். இதுவரை மருத்துவரிடமே போகாத குழந்தை என்றால், பள்ளிக்கு வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடம் காட்டலாம். வலிப்பு நோயும் அக்குழுவினர் பரிசோதிக்கும் நோய்களில் ஒன்று. உள்ளடக்கிய கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களின் உதவியையும் நாடலாம்.

பள்ளியில் செய்ய வேண்டியவை

கீழ்க்காணும் ஏற்பாடுகளுக்குச் செலவு ஏதும் இல்லை. எல்லாக் குழந்தைகளின் கண்களுக்கும் இவை நல்லவை.

• ஸ்மார்ட் போர்டு ஓடும்போது வகுப்பறையை முழுவதும் இருட்டாக்க வேண்டாம். விளக்கு எரியட்டும்.
• ஒளி உணர்திறன் உள்ள குழந்தையைப் பெரிய திரையிலிருந்து குறைந்தது எட்டடி தள்ளி அமர்த்தலாம். கணினித் திரைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு கை நீளம் இருக்கட்டும்.
• திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கலாம். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து சென்று தொலைவில் பார்க்கச் செய்யலாம்.
• காணொலியை வகுப்பில் காட்டும் முன் ஒரு முறை முழுவதும் பார்த்துவிட வேண்டும். மின்னல், வெடிப்பு, வேகமாக மாறும் வண்ணங்கள் இருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்க்கலாம்.
• ஆண்டு விழா மேடையில் வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்குகளைத் தவிர்க்குமாறு ஒலி, ஒளி அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.
• சுற்றுலாப் பேருந்தில் இந்தக் குழந்தையை ஜன்னலோரம் வெயில் படும் பக்கம் உட்கார வைக்க வேண்டாம். வரிசையான மரங்களுக்கு இடையே விட்டு விட்டு அடிக்கும் வெயிலும் மின்னும் ஒளிதான்.

ஒளி உணர்திறன் உள்ள மாணவருக்கு ஒரு தற்காப்பைச் சொல்லிக்கொடுக்கலாம். எதிர்பாராமல் மின்னும் காட்சி வந்துவிட்டால், உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இரு கண்களையும் வெறுமனே மூடிக்கொள்வது போதாது. ஒளி இமைகளை ஊடுருவும். ஒரு கண்ணை மூடினால் ஒளி மூளையில் தூண்டும் பரப்பு குறைந்து, வலிப்பு வரும் வாய்ப்பும் குறைகிறது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது

இந்தியக் குழந்தை நல மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி., 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமலும், 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. வலிப்பு உள்ள குழந்தையின் பெற்றோரிடம் இதோடு மூன்றைச் சேர்த்துச் சொல்வோம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை வாங்கி வைக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் வைத்துப் பார்க்க விடக் கூடாது. மாத்திரைக்குப் பிறகே கைபேசி என்ற வரிசை மாறக் கூடாது.

வலிப்பு வந்துவிட்டால்

லேபிலோ வகுப்பிலோ வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலி, மேசைகளை நகர்த்துங்கள். திரை மின்னிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். இரும்பைத் தேடி எடுத்து வருவதற்கும் அந்த நேரம் ஆவதால், இரும்பால் நின்றதுபோல் தோன்றுகிறது. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, அதுவே முதல் வலிப்பாக இருந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வலிப்பின்போது சிறுநீர் பிரிந்திருக்கலாம். மற்ற மாணவர்களை அமைதியாக வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் குழந்தை மாற்றுடை உடுத்த உதவுங்கள். குழந்தை ஓய்வெடுக்கும் நேரத்தில், நடந்தது என்ன என்று மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் விளக்குங்கள். அடுத்த நாள் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்காரத் தயங்காத வகுப்பை அந்த இரண்டு நிமிடங்கள் உருவாக்கும்.

இன்றைக்குத் தேர்வும் பாடமும் உதவித்தொகை விண்ணப்பமும் திரை வழியாகவே நடக்கின்றன. காரணமின்றித் திரையிலிருந்து விலக்கப்படும் குழந்தை, கல்வியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. உங்கள் வகுப்பில் அப்படி வெளியே உட்கார்ந்திருக்கும் மாணவர் யாரேனும் இருந்தால், இந்த வாரமே அவருடைய பெற்றோரை அழைத்து மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் கேளுங்கள்.